மலைநாட்டு உடை வரலாறு – 9: ஓடுகிறவன் சட்டை

கோப்பிக் காலம் தொடங்கித் தேயிலைக் காலம் நெடுகிலும் மலைநாட்டுத் தொழிலாளியின் தோளை விட்டு இறங்காதிருந்த கம்பளியோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தினோம். தென்னிந்தியாவில் ஆட்டு ரோமத்தால் நெய்யப்பட்டு, கப்பலேறி வந்து, ஆளுக்கொன்றாக விநியோகமாகி, அதன் கிரயம் செக்ரோல் என்னும் சம்பளப் பேரேட்டில் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்ட அந்தக் கனத்த வஸ்திரம், கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டவளை முதல் ஒரு மணி நேர மழையிலிருந்து காத்தது என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவது மணி நேரத்திலோ, அது குடித்திருந்த தண்ணீரையும் சேர்த்து அவளே சுமக்க வேண்டியதாயிற்று. ரோமம், தொட்டுப் பார்ப்பவருக்கு ஈரம் தெரியாமலே, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை உள்வாங்கிக்கொள்ளும் சுபாவமுடையது. அதற்கு மேல் இழைகளுக்கிடையே தங்கும் நீர் வேறு. வைகாசியில் தொடங்கி ஆவணி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று இடைவிடாமல் அறையும் அக்கரப்பத்தனையில், ஏறக்குறைய 5,000 அடி உயரத்துச் சரிவுகளில், அந்தப் பாரத்தோடு கூடையையும் முதுகில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கியவர்களுக்கு ஈரத்துணியைப் பற்றி எந்தச் சாஸ்திரியும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை.

இந்த அத்தியாயத்தின் விஷயம், கம்பளிக்கு நேர்மாறான ஒரு துணி: நீரைக் குடியாதது, எடை இல்லாதது, இழுத்தால் இழுபட்டு விட்டால் பழைய அளவுக்குத் திரும்புவது, நூறு முறை வியர்த்து நூறு முறை துவைத்தாலும் உருக்குலையாதது. உலகத்து ஓட்டக்காரர்கள் இன்று அணியும் அந்த உடையின் வரலாறு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொடங்கினாலும், அதன் ஒரு பெரிய அத்தியாயம் இலங்கைத் தீவின் மேற்குக் கரையிலே, பெரும்பாலும் பெண்களின் கைகளாலே எழுதப்பட்டது. அந்தப் பெண்களிலே கம்பளிக்காரிகளின் பேத்திகளும் உண்டு. மலைநாட்டு உடையைச் சொல்லும் தொடரில் ஓட்டக்காரன் சட்டைக்கு இடம் கொடுப்பதற்கு இது போதுமான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மலைநாட்டில் ஓட்டம் உத்தியோகமாகத்தான் முதலில் வந்தது. தோட்டத்துத் தபாலைப் பையில் போட்டுக்கொண்டு கணவாய் கடந்து போய்வந்த தப்பால்காரனும், துரைக்கு மாட்டிறைச்சி கொண்டுவரத் தகரப்பெட்டியைத் தலையில் வைத்து அன்றாடம் விரைந்த 'பீஃப் பொக்ஸ்' ஆளும், பழைய துரைமாரின் நினைவுக் குறிப்புகளில் பெயரில்லாமல் வந்து போகிறார்கள். இடுப்பில் ஒரு துண்டும் தோளில் அந்தக் கம்பளியுமே அவர்களுடைய சீருடை. அதே காலத்தில், கொஞ்ச தூரத்திலுள்ள ரதல்லை மைதானத்தில், டிம்புளை அத்லெட்டிக் அண்ட் கிரிக்கெட் கிளப்பைச் சேர்ந்த துரைமார் வெள்ளைப் பிளானல் உடுத்து விளையாடினார்கள். பிளானலும் ரோமந்தான், ஆனால் அதன் விலை அவர்களுடைய செக்ரோலில் ஏறவில்லை. விளையாட்டாக ஓடும் வழக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வந்தது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளின் வழியாகத்தான். வெறுங்காலும் பருத்திப் பனியனுமாக அவர்கள் மரதன் ஓடினார்கள். பனியனுக்கு வீட்டிலே சாயம் முக்கியிருந்தால், பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டபோது, இல்லத்தின் நிறம் சட்டையை விட்டுச் சரீரத்துக்கு இறங்கிவிடும்.

பருத்தி மீது பழி சொல்வது இந்தத் தேசத்தில் பாவம் என்றாலும், ஓட்டக்காரனுக்கு அது நல்ல சிநேகிதனன்று. சாதாரணக் காற்றிலேயே 100 பங்கு பருத்தி சுமார் 8 பங்கு ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. வியர்வை பட்டதும் நூல் பருத்து, துணி உடலோடு ஒட்டி, அக்குளிலும் தொடையிலும் உராய்ந்து, நீண்ட தூரம் ஓடுகிறவனுக்கு மார்க்காம்பு வரையில் தோலை உரித்துவிடுகிறது. இந்த உபத்திரவத்தைப் பொறுத்துக்கொள்வதே வீரம் என்று பல தலைமுறைகள் நினைத்திருந்தன. அப்படி நினைக்க மறுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லுமுன், 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த 10,000 மீற்றர் ஓட்டத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த ஓட்டத்தை நம்மவர்கள் ஞாபகத்தில் வைத்திருப்பது ரணதுங்க கருணானந்தவுக்காக. 67-ஆம் இலக்கத்தை மார்பில் கட்டிக்கொண்டு இலங்கைக்காக ஓடிய அவர், மற்ற எல்லோரும் முடித்துவிட்ட பிறகும் மைதானத்தை விட்டு விலகாமல் எஞ்சிய சுற்றுக்களைத் தன்னந்தனியே ஓடி முடித்தார். முதலில் நகைத்த சபை கடைசியில் எழுந்து கரகோஷம் செய்தது. ஜப்பானியர் அந்தச் சம்பவத்தைத் தங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலே சேர்த்துக்கொண்டார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி புதுடில்லியில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, மலையகத்தவரில் 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் பிரிக்கப்பட்டார்கள் என்பதையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அக்கரப்பத்தனைத் தோட்டத்து வாலிபன் ஒருவன் அந்த வருஷம் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும், எந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவது என்பதே தீராத வழக்காக இருந்தது.

அந்த 10,000 மீற்றரில் கருணானந்தவோடு ஓடிய ஆங்கிலேயர்களில் ஒருவர் ரொன் ஹில். பருத்தி ஆலைகளின் பிரதேசமான லங்காஷயரில், அக்ரிங்டன் என்ற ஊரில் 1938-இல் பிறந்து, மான்செஸ்டரில் நெசவு இரசாயனம் படித்து டாக்டர் பட்டம் பெற்றுத் துணிக் கம்பெனியில் இரசாயன நிபுணராக உத்தியோகம் பார்த்தவர். துணியைத் தொழிலாகவும் ஓட்டத்தைத் தபசாகவும் கொண்ட ஒரே மனிதருக்குள் இரண்டு வித்தைகளும் சந்தித்தது உலகத்து ஓட்டக்காரர்களின் பாக்கியம். வலைக் கண்களுடைய பனியனையும், தொடையின் பக்கத்தில் உயரமாக வெட்டிவிட்ட, காகிதம் போன்று மெலிந்த காற்சட்டையையும் அவர் பிரபலமாக்கினார். பனியனில் ஓட்டைகள் மிகுந்தால் காற்று நுழையும், ஈரம் ஆவியாகும், எடையும் குறையும் என்பது பரீட்சைசாலை அறியாத இரகசியமன்று, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு 26 மைல் ஓடிப் பார்த்தவர் பரீட்சைசாலையில் அபூர்வம். 1970-இல் குளிர்மழை பெய்த ஒரு நாளில் பொஸ்டன் மரதனை 2 மணி 10 நிமிடம் 30 வினாடியிலும், அதே வருஷம் எடின்பரோவில் பொதுநலவாயப் போட்டி மரதனை 2 மணி 9 நிமிடம் 28 வினாடியிலும் வென்றார். அந்த 1970-இலேயே தம் பெயரால் ஓட்ட உடைக் கம்பெனி ஒன்றையும் ஆரம்பித்தார். ஓடுகிறவனே துணியைத் தேர்ந்து, வெட்டி, போட்டுப் பார்த்து, உராய்ந்த இடத்தைத் திருத்தி, பிறகு விற்பது என்ற முறை அவரோடு ஸ்திரப்பட்டது.

துணி எது என்ற கேள்விக்கு விடையும் அதே லங்காஷயரில்தான் கிடைத்திருந்தது. 1941-இல் விண்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கலிக்கோ அச்சடிப்போர் சங்கத்தின் ஆய்வுசாலையில் கண்டுபிடித்த பொலியெஸ்டர், டெரிலின் என்ற பெயரில் நமது நாட்டுக்கும் வந்து, கல்யாண மாப்பிள்ளைகளின் சட்டையாகிக் கௌரவம் பெற்றது. அந்த டெரிலின் சட்டையைக் கோடையில் போட்டவர்கள், புழுங்கி வியர்த்த அனுபவத்தை வைத்து, அந்த இழை ஓடுவதற்கு எப்படி உகந்ததாயிற்று என்று வியப்பார்கள். குற்றம் இழையிலில்லை, நெசவில் இருந்தது. பொலியெஸ்டர் 100 பங்கில் அரைப் பங்குகூட ஈரத்தை உள்ளே விடாது. நெருக்கமாக நெய்தால் வியர்வை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அதையே தலைமயிரிலும் மெல்லிய பல இழைகளாக்கி, இழையின் பக்கவாட்டில் நீளநெடுகச் சிறு வாய்க்கால்கள் அமைத்து, நெய்யாமல் கண்ணி கண்ணியாகப் பின்னிவிட்டால், திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் வியர்வை இழைகளுக்கிடையே ஏறித் துணியின் வெளிப்புறத்தில் பரவி உலர்ந்துவிடுகிறது. இழை தான் குடிக்காததால் துணி கனப்பதுமில்லை. நான்கு வாய்க்கால் கொண்ட அத்தகைய இழையை டுபொண்ட் கம்பெனி 1986-இல் கூல்மெக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. இழுபடும் குணத்தை, அதே கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய லைக்ரா கொடுத்தது. சாதாரணப் பருத்தி டீசேர்ட் துணி ஒரு சதுர மீற்றர் 160, 180 கிராம் நிறுக்கும். ஓட்டக்காரன் சட்டைத் துணி அதில் பாதியளவுக்கு இறங்கியிருக்கிறது. இந்த இழைக்கு ஒரு துர்க்குணமும் உண்டு. தண்ணீரை வெறுப்பது எண்ணெயை விரும்பும். சரீரத்து எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு, துவைத்த பிறகும் பழைய வியர்வையை நினைவூட்டும்.

பெண்களின் உடை இதைவிடத் தாமதித்தது. 1977-இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் லிசா லின்டால், பொலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூவர், ஆண் விளையாட்டு வீரர்களின் உள்ளாடைகள் இரண்டை வெட்டி இணைத்துத் தைத்துப் பார்த்ததிலிருந்துதான் ஓடும் பெண்ணுக்கான மார்க்கச்சை பிறந்தது. அதற்கு முன்னே பெண்கள் ஓடவில்லையா என்றால், ஓடினார்கள், வலியோடு ஓடினார்கள். அந்த உடையும் அதன் சந்ததியும் பிற்காலத்தில் இலங்கையின் பெரிய சரக்குகளில் ஒன்றாகப் போகின்றன என்பதை அந்த மூவரும் அறிந்திருக்க நியாயமில்லை.

அது எப்படி இங்கே வந்தது? 1974-இல் ஏற்பட்ட பல்நார் ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு துணிமணியை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பலாம் என்று பங்கு வகுத்தது. தங்கள் பங்கு தீர்ந்துபோன கிழக்காசிய முதலாளிகள், பங்கு மீந்திருக்கும் நாடுகளைத் தேடிப் புறப்பட்டார்கள். 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட இலங்கை 1978-இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயத்தை அமைத்தது. 1986-இல் ஆடை ஏற்றுமதி வருமானம் தேயிலையை மிஞ்சியது. ஏறக்குறைய நூறாண்டாக இந்தத் தீவின் பொக்கிஷத்தை நிரப்பிய கொழுந்துக் கூடை அந்த வருஷம் இரண்டாமிடத்துக்கு இறங்கிற்று. மலையில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, கொழுந்து நிறுக்கும் தராசு வழக்கம்போல்தான் இருந்தது. 1987-இல் மகேஷ், அஜய், ஷரத் என்ற அமலீன் சகோதரர்கள் மூவரும் தங்கள் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து எம்.ஏ.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெண்களின் உள்ளாடையில் கைதேர்ந்து, அதில் பழகிய நுட்பத்தையே நைக்கி முதலான கம்பெனிகளின் விளையாட்டு உடைக்குக் கொண்டுசென்றது அந்த நிறுவனம். உள்ளாடை தைக்கத் தெரிந்த கைக்கு ஓட்ட உடை எளிது: இரண்டும் இழுபடும் துணி, இரண்டும் தோலோடு உறவாடுவது, இரண்டிலும் தையல் தடித்தால் உடுத்தவள் சபிப்பாள். 1992-இல் ஜனாதிபதி பிரேமதாசா 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தை ஆரம்பித்துக் கிராமங்களுக்கும் தையல் யந்திரத்தை அனுப்பினார்.

துணியும் இங்கேயே பிறக்கத் தொடங்கியது. அவிசாவளையிலும் பியகமவிலும் பின்னலாலைகள் எழுந்தன. அரசாங்க நெசவாலையாக இருந்து நலிந்துபோன துல்கிரியா, எம்.ஏ.எஸ். கையில் துணிப் பூங்காவாகப் புனருத்தாரணம் பெற்று, அங்கே 2008-இல் பசுமைத் தொழிற்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது. 2004 முடிவில் பல்நார் ஒப்பந்தம் வகுத்த பங்கு முறை காலாவதியானபோது மலிவுச் சட்டையில் சீனாவோடும் வங்காளதேசத்தோடும் போட்டியிட முடியாத இலங்கை பிழைத்துக்கொண்டது, கடினமான தையலைக் கற்றிருந்ததனால்தான்.

அக்கரப்பத்தனை, டயகம, ஹோல்புரூக் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இதற்குள் தாமதமாகவே நுழைந்தார்கள். குடியுரிமையும் அடையாள அட்டையும் சிக்கலாயிருந்த காலத்தில் தோட்டத்துக்கு வெளியே உத்தியோகம் தேடுவது சுலபமாயில்லை. அவை கைக்கு வந்த பிறகு, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள், தலவாக்கலையில் ரயிலேறி, ராகமையில் மாறி, முன்னே போன பெரியம்மா மகள் தங்கியிருக்கும் போர்டிங்கில் ஒரு பாய்க்கு இடம்பிடித்து, 'காமண்ட்' என்று அவர்கள் சொல்லும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகலானாள். தாய் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகும் நேரத்தில் மகள் அங்கே தையல் லைனில் உட்கார்ந்தாள். தாய்க்குக் கிலோக் கணக்கு, மகளுக்கு மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கட்.

அந்த லைனில் ஓட்டக்காரன் சட்டை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். லைக்ரா கலந்த துணி உருளையாக வரும்போது இழுபட்ட நிலையிலேயே சுற்றப்பட்டிருக்கும். உடனே வெட்டினால், தைத்து முடிந்த பின் சட்டை சுருங்கி ஓரளவு சிறியதாகிவிடும். ஆகவே சுருளைப் பிரித்து மேசையிலோ தட்டிலோ தளர்வாக மடித்து ஏறக்குறைய ஒரு நாள் ஆறவிடுகிறார்கள். வெட்டிய துண்டுகளைச் சாதாரண ஓவர்லொக் யந்திரத்தில் இணைத்தால் உட்புறத்தில் ஒரு விளிம்பு நிற்கும். பத்து மைல் ஓடுகிறவனுக்கு அந்த விளிம்பே அரிவாள். அதற்காகவே பிளட்லொக் யந்திரம். துணியின் இரண்டு ஓரங்களையும் நேருக்கு நேர் நிறுத்தி, மீந்ததைக் கத்தியால் செதுக்கி, நான்கு ஊசிகளால் மேலும் கீழும் ஆறு நூல்களைப் பரப்பி, விரலால் தடவினாலும் எங்கே தையலிருக்கிறது என்று தெரியாதபடி அது படுக்கவைத்துத் தைக்கிறது. அதை ஓட்டுகிறவள் துணியைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. தள்ளினால் துணி சுருங்கிக்கொள்ளும், இழுத்தால் தையல் அலையடிக்கும். நூலின் இறுக்கம் அளவு மீறினால், துணி நீளும்போது தையல் நீளாமல் படபடவென்று தெறித்துவிடும். ஆதலால் முதல் உருப்படியை இரண்டு பெருவிரல்களுக்கிடையே பிடித்து இழுத்துப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுகிறாள்.

ஊசியிலே இன்னொரு சூட்சுமம். கூர்முனை ஊசி பின்னல் இழையை அறுத்துவிடும். அறுந்த ஒரு கண்ணி துவைக்கத் துவைக்க ஏணியாக இறங்கும். உருண்டை முனை ஊசி இழையை விலக்கிக்கொண்டு நுழைகிறது. அதையும் அதிவேகமாக ஓட்டினால் உராய்வால் சூடேறிப் பொலியெஸ்டரை உருக்கித் துளையிட்டுவிடும். ஊசி முறிந்தாலோ, அதன் துண்டுகள் முழுவதும் கிடைக்கும் வரையில் அவள் கையிலிருந்த உருப்படிகள் நகரக்கூடாது. துண்டுகளைப் பொருத்திக் காகிதத்தில் ஒட்டிப் பதிவு செய்து, முடிந்த உடைகளை உலோகங்காட்டி யந்திரத்தின் வழியே அனுப்பிய பிறகே பெட்டி மூடப்படும். இத்தனை நிதானமும் வேண்டும், மணிக்கணக்கு டார்கட்டும் வேண்டும் என்பது அந்த வேலையின் கொடுமை.

இலேசும் உறுதியும் ஒன்றுக்கொன்று சத்துருக்கள் என்பதே இதை வடிவமைப்போரின் தலைவலி. இழையை மெலிதாக்கினால் எடை குறைகிறது. ஆனால் தோள்பையின் பட்டி உரசும் இடத்தில் துணி பொங்கிச் சிறு உருண்டைகள் கட்டுகிறது. ஆகவே முதுகிலும் அக்குளிலும் வலைக் கண்ணையும், தோளிலும் இடுப்பிலும் நெருக்கமான பின்னலையும் வைத்து, தையலையே தோளின் உச்சியிலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிடுகிறார்கள். அக்குளில் நாலு மூலைத் துண்டொன்றைச் செருகினால் கையை வீசும்போது சட்டை மேலேறுவதில்லை. நம்மூர்ப் பழைய தையற்காரர்கள் ஜிப்பாவுக்குக் கட்டம் வைத்தது இதே யுக்திதான். பிறகு மார்ட்டின்டேல் என்னும் யந்திரத்தில் துணியை ஆயிரக்கணக்கான முறை தேய்த்தும், காற்றழுத்தத்தால் ஊதி வெடிக்கவைத்தும், திரும்பத் திரும்பத் துவைத்தும் பரீட்சிக்கிறார்கள். 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கை கிரிக்கெட் அணி அணிந்த சட்டை, கடலிலும் கரையிலும் பொறுக்கிய பிளாஸ்டிக்கை உருக்கி நூலாக்கி இந்நாட்டிலேயே செய்யப்பட்டது. தண்ணீர்ப் போத்தலும் ஓட்டச் சட்டையும் இரசாயனத்தில் ஒரே ஜாதி என்பதால் அது சாத்தியமாயிற்று.

இவ்வளவு வித்தையும் தெரிந்த தேசத்திலே, தேயிலை மலையில் மழைக்காலத்தில் இன்றைக்கும் கொழுந்தெடுப்பவள் இடுப்பில் படங்கும், தோளில் பொலித்தீன் துண்டும் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். பொலித்தீன் மழையை உள்ளே விடாது, வியர்வையை வெளியே விடாது. மத்தியானத்தில் அவள் இரண்டு பக்கமும் நனைந்திருப்பாள். மூச்சுவிடும் துணி, கூடைக்கயிறு உரசும் நெற்றிக்கும் தோளுக்கும் இரட்டைப் பின்னல், தேயிலைச் செடியின் கவ்வாத்துக் கொம்பு கிழிக்காத இடுப்புக்கட்டு, இவற்றில் எதுவும் இலங்கைத் தொழிற்சாலைக்குப் புதிதன்று. மலையேறி ஓடுகிறவர்களுக்காக அவற்றையெல்லாம் தைத்து ஏற்றுமதி செய்திருக்கிறது. விலை கொடுப்பவன் சொல்லாத உடையை எந்த லைனும் தைப்பதில்லை. கம்பளியின் கிரயத்தைச் சம்பளத்தில் பிடித்த காலத்திலிருந்து, மலைக்காரியின் உடைக்கு யார் செலவு செய்வது என்ற கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்பதே இதன் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓட்டச் சட்டை மட்டும் வேறொரு பாதையாக மலைக்குத் திரும்பிவிட்டது. ஏற்றுமதியில் கழிபட்டதும் மிஞ்சியதுமான உருப்படிகள், கழுத்துச் சீட்டுக் கத்தரிக்கப்பட்டு, தலவாக்கலை, ஹட்டன் கடைத்தெருக்களில் கம்பியில் தொங்குகின்றன. பாடசாலை மரதனுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள் வாங்குவது அவற்றைத்தான். தீபாவளிக்கு ஊர் வந்த காமண்ட் பிள்ளைகள் தம்பிக்குச் சட்டை எடுக்கப் போனால், நிறத்தைப் பார்ப்பதற்கு முன் உள்ளே திருப்பி, தையலை இரண்டு பெருவிரல்களுக்கிடையே இழுத்துப் பார்க்கிறார்கள். "அண்ணே, இங்க பாருங்க, ஊசித் துவாரம். நாலு கழுவல்ல இது கீழ வரைக்கும் ஓடிரும். நூறு ரூவா குறைச்சுப் போடுங்க" என்று சொல்லும் வாடிக்கைக்காரியிடம் கடைக்காரரின் வாதம் அதிக நேரம் நிற்பதில்லை.

(தொடரும்)